பீரோ மேல் மூன்று வருஷம்: ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கென்று மேஜை போட இடமில்லை, பீரோ மேல்தான் இடம், அதனால்தான் மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன அளவு மதர்போர்டு பக்கம் போனேன், மற்றபடி பெரிய ஆசையெல்லாம் இல்லை. 2022இல் சேர்த்தது. ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, பி550 சிப்செட் போர்டு.

மெட்ரோ பிடித்து ரிச்சி ஸ்ட்ரீட் போனபோது கடைக்காரர், "தம்பி, இந்தக் காசுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்கிட்டு மிச்சத்துல ரேம் போடுங்க" என்றார். தப்பான யோசனை இல்லை. அது 24.4 செ.மீ. சதுரம், நான்கு ரேம் ஸ்லாட்கூடக் கிடைக்கும். ஐடிஎக்ஸ் 17 செ.மீ.தான், விலையோ அதிகம். ஆனால் எங்கள் பீரோ மேல் அந்த ஏழு செ.மீ. பெரிய விஷயம்.

நான் செய்த தப்பு, சிப்செட் பெயரை மட்டும் பார்த்து வாங்கியது. ஐடிஎக்ஸ் போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் ஒன்றே ஒன்று, அது கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும், ஆகவே வைஃபை போர்டிலேயே இருக்க வேண்டும் (நல்லவேளை, இருந்தது). ரேம் ஸ்லாட் இரண்டுதான். நான் 8 ஜிபி இரண்டு போட்டேன், பிறகு 32 ஆக்க இரண்டையுமே கழற்றி விற்க வேண்டியதாயிற்று. கேபினட்டின் முன்பக்கம் டைப்-சி ஓட்டை இருக்கிறது, போர்டில் அதற்கான இணைப்பு இல்லை, மூன்று வருஷமாகச் சும்மா கிடக்கிறது. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டில் இரண்டாவது போர்டின் முதுகில். இன்னொரு எஸ்எஸ்டி போட மொத்த கம்ப்யூட்டரையும் பிரித்துப் பாயில் பரப்பினேன், அன்றைக்கு வீட்டில் யாரும் நடக்கவே இல்லை.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். பாடாய்ப் படுத்தியது ரைசர் கேபிள். என் கேபினட்டில் கார்டு போர்டுக்குப் பின்னால் உட்காரும், இரண்டையும் இணைக்க நடுவில் இந்த ரைசர் கேபிள். கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்புக்குப் பிசிஐஇ என்று பெயர்; அவை இரண்டும் 4.0, கேபினட்டோடு வந்த கேபிள் பழைய 3.0, அந்த வேகத்தைத் தாங்காது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) போய் அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது 3.0 என்று மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் 5600இல் உள் கிராபிக்ஸ் கிடையாது, பயாஸைப் பார்க்கவே படம் வரவேண்டுமே! நண்பனின் பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டை வாங்கிப் போட்டேன், அது 3.0 கார்டு என்பதால் உடனே படம் வந்தது. மாற்றி வைத்துவிட்டு என் கார்டைப் போட்டேன். விளையாட்டில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

கடல் பக்கம் என்பதால் பின்பக்கத் தகடும் ஸ்க்ரூக்களும் துருப்பிடித்துவிட்டன, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி போகும் ரோடு, தூசு தனிக்கதை, மாதம் ஒருமுறை பிரஷ் போடுகிறேன்.

போன மாதம் மறுபடி கறுப்புத் திரை. அம்மா தினமும் படுக்கும்முன் பிளக் சுவிட்சையும் அணைத்துவிடுவார், இத்தனை நாள் போர்டிலிருக்கும் சின்ன பேட்டரிதான் செட்டிங்கைக் காப்பாற்றி வந்தது. அது தீர்ந்துபோனதும் ஜென் 3 போய்ப் பழையபடி ஆட்டோவுக்கு, அதாவது 4.0 வேகத்துக்கே, வந்துவிட்டது. திரும்ப அதே நண்பன், அதே 1650. "பேசாம நீயே வெச்சுக்கடா" என்றான். பேட்டரியை மாற்றினேன், கையோடு 4.0 ரைசர் ஒன்றையும் ஆர்டர் போட்டுவிட்டேன்.