காசு கேட்கும் டிரைவர் அப்டேட்டர் எதையும் நம்பாதீர்கள்

விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்ததிலிருந்து கேம் திறந்தாலே திரை கறுத்துப்போய்த் திரும்ப வந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) என்று தேடினால் உச்சியில் வந்து நிற்பது கார்டு கம்பெனியின் பக்கம் இல்லை, விளம்பரம். அப்படித்தான் இந்த டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் உள்ளே வந்தது. ஸ்கேன் இலவசம். முடிந்ததும் திரை முழுக்கச் சிவப்பு, மவுஸ், யுஎஸ்பி எல்லாவற்றின் டிரைவரும் காலாவதியாம், தேதி 21-06-2006 என்று போட்டு "மிகப் பழையது, ஆபத்து" என்று ஒரு எச்சரிக்கை வேறு.

இந்தத் தேதியில்தான் பித்தலாட்டமே. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்களுக்கு எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்த 2006 தேதியைத்தான் வேண்டுமென்றே போடுகிறார்கள், சாதனத்தைத் தயாரித்த கம்பெனியின் டிரைவர் இருந்தால் விண்டோஸ் அதையே புதியதாக எடுத்துக்கொள்ளட்டும் என்று. இது தெரிந்துகொண்டே பயமுறுத்திக் காசு பறிக்கிறார்கள்.

பணம் கட்டியதும் என்னவோ ஒரு டிரைவரைப் போட்டது. ரீஸ்டார்ட் செய்தால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, ரெசல்யூஷனை மாற்றவே முடியவில்லை. டிவைஸ் மேனேஜரில் என் கார்டின் பெயரையே காணோம், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறது, கார்டுக்குச் சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் ஒப்புக்குப் போட்டுக்கொள்வது அது. உதவிக்கு எழுதினால், "பிரீமியம் சப்போர்ட் வாங்குங்கள், ரிமோட்டில் வந்து பார்க்கிறோம்" என்று பதில். ரிமோட்டா, நல்ல கதை.

கடைசியில் சரியானது காசில்லாமல்தான். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றுமே தங்கள் தளத்தில் டிரைவரை இலவசமாகவே தருகின்றன. என் கார்டுக்கானதை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, விண்டோஸ் நடுவில் புகுந்து தானாக ஒன்றைப் போட்டுவிடாமல் இருக்க நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் முறை) டிடியூ, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், என்ற இலவச மென்பொருளால் பழையதைத் துடைத்தெடுத்து, அப்புறம் புதியதைப் போட்டேன், திரை கறுப்பதும் நின்றுவிட்டது. அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை என்றால் இவ்வளவுகூடத் தேவைப்படாமல் போகலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராபர்ட்டீஸுக்குப் போய் டிரைவர் டேபில், முந்தைய டிரைவருக்கே திரும்ப வைக்கும் ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் சந்தா நிற்காது. கட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆட்டோ ரினியூவல் என்று டிக் போட்டே வைத்திருக்கிறார்கள், பேங்கில் சொல்லித்தான் நிறுத்தினேன். ரீஃபண்ட் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இதுவரை பதில் இல்லை.