55இல் பென்சனா, 60 வரை இழுப்பதா?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த ஊர் யாழ்ப்பாணம். மேய்ச்சலை எப்போது நிறுத்துவது என்பதில்தான் குழப்பம். பொதுவாக அரச ஊழியர் விரும்பினால் 55இல் போகலாம், 60இல் போய்த்தான் ஆக வேண்டும். 2022இல் இதை 65 ஆக்கி, அந்த வருட முடிவிலேயே 60க்கு இறக்கினார்கள்.

25 வயதில் சேர்ந்தவருக்கு 55இல் 30 வருட சேவை முடிந்துவிடும். பென்சன் வீதம் அதோடு உச்சத்துக்கு வந்துவிடுவதால், மிச்ச ஐந்து வருடத்தில் கூடுவது சம்பள ஏற்றத்தால் வருவது மட்டும். அதற்காகக் காலை பஸ்ஸில் தொங்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு வேண்டாம். ஆனால் கடன் இருந்தால் கதை வேறு. பணிக்கொடையாக 24 மாத பென்சன் கையில் வரும் என்று கணக்குப் போடுவோம். அரச ஊழியராக எடுத்த இடர் கடனின் மிச்சம் அதிலேயே கழிபடும். மேல்வீடு பூச்சில்லாமல் நிற்கிறது, மகளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்றால் பேசாமல் 60 வரை இருங்கள்.

தனியார் துறைக்காரருக்கு நான் 55ஐச் சொல்லவே மாட்டேன். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் என்று சேர்ந்த சேமலாப நிதியை ஆண்கள் 55இல், பெண்கள் 50இல் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அது மொத்தமாக வரும் காசு. வந்த செய்தி உங்களுக்கு முன்னமே சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்கும்! மூத்த பிரஜைகளின் வைப்புக்கு 15 வீத வட்டி கிடைத்த காலமும் 2022இல் முடிந்துவிட்டது. மாதம் பிறந்தால் வங்கியில் விழும் பென்சனுக்கு அது ஈடாகாது.

சரி, விட்ட பிறகு? வாத்தியாருக்குக் கவலையில்லை, டியூசன் இருக்கிறது. மற்றவர்களைக் கோயில் பரிபாலன சபை பிடித்துக்கொள்ளும். கணக்குத் தெரிந்தவர் என்றால் பொருளாளர் பதவி வீடு தேடி வரும், சண்டையும் சேர்ந்து வரும். வளவுக்குள் நாலு வாழை, கொஞ்சம் வெங்காயம் வைப்பதென்றால் 55தான் நல்லது. 60இல் முழங்கால் சம்மதிக்காது.

இன்னொரு வழி கனடா. அங்கே இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைக் கூப்பிடும் சூப்பர் விசாவில் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். பேரப்பிள்ளை பார்ப்பது சம்பளமில்லாத முழுநேர வேலை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். போவதென்றால், வருடாவருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழுக்கு அங்கிருந்து என்ன செய்வது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.