வெர்ஸ்டாப்பன்: 2021-இல் தொடங்குவதா, 2023-இல் தொடங்குவதா?

ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள் இந்த இரண்டு சீசன்களில்தான் குழம்புகிறார்கள்.

போட்டி
2021: போட்டியாளர் லூயிஸ் ஹாமில்டனும் அவரும் தலா 369.5 புள்ளிகளோடு சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு அபுதாபி வந்தார்கள். கடைசிச் சுற்றில் மேக்ஸிடம் புது சாஃப்ட் டயர் (பிடிப்பு அதிகம், வேகமானது), ஹாமில்டனிடம் தேய்ந்த ஹார்டு டயர் (வேகம் குறைவு, நீண்ட நேரம் தாங்கும்). ஐந்தாவது வளைவில் உள்பக்கமாக நுழைந்து முந்தினார். விபத்துக்குப் பிறகு எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி காரை அதிகாரிகள் கையாண்ட விதம் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. அதற்காக அந்த முந்தலின் துணிச்சல் குறைந்துவிடாது.
2023: 22 பந்தயங்களில் 19 வெற்றி, அதில் தொடர்ச்சியாக 10.

ரசிகர்கள்
2021: 36 ஆண்டுகளுக்குப் பிறகு, மேக்ஸின் நாடான நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் டச்சு கிராண்ட் பிரி பந்தயம். கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுப் புகை. சொந்த மண்ணில் அவரே ஜெயித்தார்.
2023: அங்கே மழையிலும் ஜெயித்தார். கொண்டாட்டம் இருந்தது, பதற்றம் குறைவு.

நேரம்
2021-ஐ முழுசாகப் பார்க்க வேண்டும். 2023-க்குப் பெரும்பாலும் ஹைலைட்ஸ் போதும்.

பரபரப்பு வேண்டுமென்றால் யோசிக்காமல் 2021. ஓட்டும் நுணுக்கம் பிடிக்குமென்றால் 2023. முதலில் மயாமியைப் பாருங்கள். ஒன்பதாவதாகக் கிளம்பி, ஹார்டு டயரை வெகுநேரம் காப்பாற்றி, அணித் தோழர் பெரெஸை முந்தி ஜெயித்த பந்தயம் அது.