பழைய வீட்டுத் தோற்றம் என்று பணம் வாங்கி, கூரை மரத்தில் கைவைத்த ஒப்பந்தக்காரர்: வேலூர்ப் பக்கம் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம், மேலே ஓடு. "அந்தக் காலத்துத் தொட்டிக்கட்டு வீடு மாதிரியே வேண்டும்" என்று கேட்டு, குடியாத்தம் பக்கம் ஒரு குடும்பம் புது வீடு கட்டியது. புகைப்படத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. முதல் ஐப்பசி மழையில் கூடத்தில் மூன்று இடத்தில் அண்டா வைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்த இடத்தில், எந்த அளவில் ஏமாற்றினார் என்பது தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும். பில்லை ஒரு கையிலும் டேப்பை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அளந்ததில் தெரிய வந்தவை கீழே.

முதலில் கூரை. பெரிய பணம் போனதும் அங்கேதான், வீடு கெட்டதும் அங்கேதான்.

முன்கட்டு 40 அடி நீளம், 20 அடி அகலம். நடுவில், கூரையின் உச்சியில் ஓடும் முகட்டு வளை, இருபுறமும் சரிவு. பேசிய கணக்கு: 4-க்கு 3 இஞ்ச் தேக்குக் கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரியும் மரம்), ஒன்றரை அடிக்கு ஒன்று. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 28, இரண்டு பக்கத்துக்கு 56 மரம். 12 அடி நீளத்தில் 4-க்கு 3 மரம் ஒன்று சரியாக ஒரு கன அடி வரும். 56 கன அடிக்குப் பில் போட்டு, பணமும் வாங்கிவிட்டார்.

கூரையில் ஏறி எண்ணினால் 42 மரம்தான் இருக்கிறது. இடைவெளி ஒன்றரை அடி இல்லை, இரண்டு அடி. மரத்தை அளந்தால் மூன்றரைக்கு இரண்டரை இஞ்ச். அந்த அளவில் 12 அடி மரம் 0.73 கன அடிதான். ஆக, கூரையில் ஏறியது 31 கன அடிக்கும் குறைவு. மீதி 25 கன அடித் தேக்கு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

கேட்டால் "இழைப்பில் போச்சு" என்பார்கள். இழைத்தால் ஒரு பக்கத்துக்கு அரைக்கால் இஞ்ச் போகலாம். இருபுறமும் சேர்த்துக் கால் இஞ்ச். அரை இஞ்ச் போவது இழைப்பில் அல்ல, மரம் வாங்கிய கடையிலேயே. அதனால் ஒப்பந்தத்தில் "இழைத்து முடித்த அளவு" என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் அந்தக் குடும்பத்தால் அன்றைக்குச் சண்டை போடக்கூட முடியவில்லை.

அரை இஞ்ச் தானே என்று விடக் கூடாது. மரத்தின் குறுக்குவெட்டு உயரம் குறைந்தால் வலு அதே விகிதத்தில் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். நாலு இஞ்ச் மூன்றரையாகவும், மூன்று இரண்டரையாகவும் ஆகும்போது, வளையாமல் நிற்கும் விறைப்பு கிட்டத்தட்ட 56 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இடைவெளியும் அகலமானதால் ஒவ்வொரு மரத்தின் மேலும் மூன்றில் ஒரு பங்கு சுமை கூடுதல். ஓடு மழையில் நனைந்தால் அதன் எடையும் ஏறும். கைமரம் நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் வரிசை இறங்குகிறது. ரீப்பர் இறங்கிய இடத்தில், ஓடும் ஓடும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும் பூட்டு விடுகிறது.

அடுத்தது சரிவு. மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரி வேண்டும். எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும் 25-க்குக் கீழே இறங்கக் கூடாது. முகட்டுக்கு நேர் கீழிருந்து சுவர் வரை 10 அடி என்றால், முகடு சுவர் மட்டத்திலிருந்து 5 அடி 9 இஞ்ச் எழும்ப வேண்டும். அந்த வீட்டில் எழும்பியது 2 அடி 8 இஞ்ச். அதாவது 15 டிகிரி. காரணம் மரத்தின் நீளத்தில் இருக்கிறது. 30 டிகிரி சரிவில், சுவருக்கு வெளியே நீளும் ஒன்றரை அடி இறவாரத்தோடு சேர்த்துக் கைமரம் 13 அடிக்கு மேல் வேண்டும். 15 டிகிரிக்கு இறக்கினால் 12 அடி மரத்திலேயே முடிந்துவிடும். முக்கோணச் சுவரின் செங்கல்லும் மிச்சம். ஒப்பந்தக்காரருக்கு இரட்டை லாபம். வீட்டுக்காரருக்குத் தண்ணீர். சரிவு குறைந்தால் நீர் மெதுவாக வழியும். வடகிழக்குப் பருவமழையில் காற்று அடித்தால் அந்த நீர் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறிய இடத்தில் பின்னோக்கி ஏறி உள்ளே சொட்டும். ஓட்டின் மேல் எந்தப் பூச்சு அடித்தாலும் இது நிற்காது.

இதைச் சரிபார்க்க இன்ஜினியர் வேண்டாம். ஓடு ஏறுவதற்கு முன்னால், ஒரு அடி ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்து, ஒரு முனையைக் கைமரத்தின் மேல் வையுங்கள். மறுமுனையிலிருந்து மரம் வரை நேர் கீழே அளந்தால் 7 இஞ்ச் வர வேண்டும். அந்த வீட்டில் 3 இஞ்ச் சொச்சம்தான் வந்திருக்கும்.

ஓட்டிலும் ஏமாற்று. "பழைய வீட்டு ஓடு, அதனால்தான் நிறம் இவ்வளவு அழகு" என்று சொல்லி, இடித்த வீடுகளிலிருந்து கொண்டுவந்து ஏற்றியிருந்தார்கள். பழைய ஓடு கெட்டதல்ல. நன்றாக வெந்த பழைய ஓடு பல புது ஓட்டைவிட மேல். ஆனால் ஒவ்வொரு ஆலைக்கும் அச்சு வேறு, பூட்டு வேறு, நீளமும் கொஞ்சம் வேறு. ஓட்டின் அடிப்பக்கம் ஆலையின் பெயர் பதிந்திருக்கும். அந்தக் கூரையில் பத்து ஓடு கழற்றிப் பார்த்ததில் மூன்று ஆலைப் பெயர்கள். ஒன்றுக்கொன்று பூட்டு உட்காரவே இல்லை. இடைவெளியில் சிமெண்ட் கலவை அப்பியிருந்தார்கள். ஒரு வெயில் காலம் போதும், அந்தக் கலவை விண்டு விழும்.

பழைய ஓடு வாங்கினால் ஒரே முத்திரையாகப் பிரித்து, ஒரு சரிவுக்கு ஒரே ஆலை ஓடு என்று ஏற்றச் சொல்லுங்கள். ரீப்பர் அடிக்கும் முன் பத்து ஓட்டைத் தரையில் பூட்டி அடுக்கி, அந்த நீளத்தைப் பார்த்து இடைவெளி குறிக்க வேண்டும். வாய்க்கணக்காக 13 இஞ்ச் என்று அடித்துவிட்டு ஓட்டைத் தேடக் கூடாது. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். உலர்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து மறுபடி எடை போட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அந்த லாட்டே வேண்டாம். அடியில் தட்டை சீலிங் ஓடு போட்டால் வேலூர் சித்திரை வெயிலுக்கு அது பெரிய உதவி. பில்லில் அதுவும் இருந்தது, கூரையில் இல்லை.

தூண்கள் ஆறு. காரைக்குடியிலிருந்து வந்த பழைய பர்மா தேக்கு என்று சொல்லி வாங்கப்பட்டவை. அடியில், பார்வைக்குப் படாத இடத்தில், மெல்லிய துளை போட்டுத் தூளைப் பார்த்தபோது வெளுத்த தூள், தேக்கின் வாசனை இல்லை. மேலே கருப்பு பாலிஷ், சங்கிலியால் அடித்த தழும்பு. உண்மையான பழைய தூணில் முன்பு உத்திரம் உட்கார்ந்த துளையோ, ஆணி இருந்த கறையோ இருக்கும். வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி, அடிவரை ஒரே நிறத்தில் ஓடும். தேக்கின் தூளைக் கையில் கசக்கினால் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் போன்ற வாசனையும் வரும். வாங்கும் இடத்திலேயே துளை போட விடாத கடையில் தூண் வாங்க வேண்டாம்.

அதைவிட மோசம், தூணின் அடியை ஆறு இஞ்ச் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தது. மரம் எப்போதும் கல் பாதத்தின் மேல் நிற்க வேண்டும். கல்லையும் மரத்தையும் இணைக்க நடுவில் ஒரு கம்பி முளை; கல் தரையிலிருந்து அரை அடியாவது உயரம். நம் ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை; கல் பாதம் கொத்தித் தர ஆள் கிடைக்கும். கான்கிரீட்டில் புதைத்த மரம் அடியிலிருந்து ஈரம் இழுத்து, கரையானுக்கு வழி விடும்.

கரையான் மருந்தும் இதோடு சேர்ந்ததுதான். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். அஸ்திவாரக் குழியின் அடியிலும் பக்கத்திலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை போக வேண்டும். 50 சதுர மீட்டருக்கே பன்னிரண்டரை லிட்டர் மருந்து. இந்த வீட்டில் இரண்டு லிட்டர் கேனைக் காட்டி வேலையை முடித்துவிட்டார்கள். காலி கேன்களை எண்ணுங்கள், அடிக்கும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழகுக்காக முற்றம் வைக்கும் பலர் அது நான்கு கூரையின் தண்ணீரையும் வாங்கும் தொட்டி என்பதை யோசிப்பதில்லை. அந்த வீட்டு முற்றம் 10-க்கு 12 அடி. சுற்றிலும் 8 அடித் தாழ்வாரம் உள்பக்கம் சரிகிறது. ஆக மழை விழும் பரப்பு 26-க்கு 28, அதாவது 728 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 3,300 லிட்டருக்கு மேல் அந்தச் சின்ன முற்றத்தில் இறங்கும். வெளியேற வழி அடைத்துக்கொண்டால் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அங்கே கூடத்துக்கும் முற்றத்துக்கும் இருந்த இறக்கம் நாலே இஞ்ச், போட்டிருந்தது ஒரே ஒரு இரண்டரை இஞ்ச் பைப். வேப்ப இலை அடைத்தது. இருபது நிமிடத்தில் கூடத்துக்குள் தண்ணீர்.

முற்றம் ஒன்பது இஞ்சாவது தாழ இருக்கட்டும். எதிரெதிர் மூலையில் இரண்டு 4 இஞ்ச் பைப், 80-க்கு 1 வாட்டம் (80 அடி ஓட்டத்துக்கு ஒரு அடி இறக்கம்), சுவருக்கு வெளியே திறந்து சுத்தம் செய்யும் தொட்டி. தளம் போடும் முன் பத்து குடம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தளம் போட்ட பிறகு பார்த்தால் உடைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று: திறந்த முற்றத்தின் 120 சதுர அடிக்கும் கட்டட ரேட் முழுசாகப் போட்டிருந்தார். கூரையே இல்லாத இடத்துக்கு. முற்றம், திண்ணை, இறவாரம் மூன்றுக்கும் தனி ரேட் எழுதாமல் சதுர அடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பூஜை அறைக்கு மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கும் பழைய முறைத் தளம்) என்று தனியாகப் பணம். மேலே இருப்பது சாதாரண கான்கிரீட். கீழே மரப்பட்டைகளை ஸ்க்ரூ போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உண்மையான வேலையில் மர உத்திரம் சுவருக்குள் போய் உட்காரும், அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்குவார்கள், அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையைக் கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள், கடைசியில் தட்டை ஓடு. கான்கிரீட்டின் கீழே மரம் ஒட்டுவது தவறில்லை, அதற்கான விலையை மட்டும் வாங்கினால்.

சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே. பூசிய மறுநாள் நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் அது சிமெண்ட். வாரக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் என்று பேசிய இடத்தில் மூட்டைச் சிமெண்டும் எம் சாண்டும் நின்றால், அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள்.

பணம் கொடுக்கும் முறைதான் இத்தனைக்கும் கதவு திறந்துவிட்டது. ஆரம்பத்திலேயே நாற்பது சதவீதம், ஓடு ஏறும் முன்பே தொண்ணூறு கொடுத்துவிட்டார்கள். நீங்கள் இப்படிப் பிரித்துக் கொடுங்கள்: கைமரம் ஏறியதும், ரீப்பர் அடிக்கும் முன் ஒரு தவணை; முற்றத்து பைப் ஓடிக் காட்டிய பின் ஒரு தவணை; கடைசிப் பத்து சதவீதம் மார்கழி மழை முடியும் வரை உங்கள் கையில். ஒவ்வொரு கட்டத்திலும் மரத்தின் மேல் டேப்பை வைத்து, தேதியோடு படம் எடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: சொந்த மனையில் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வராது, நுகர்வோர் ஆணையம் வரும். 2019 சட்டப்படி வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். எதையும் பிரிக்கும் முன் வேறொரு சிவில் இன்ஜினியரை வைத்து அளந்து, மர எண்ணிக்கை, அளவு, சரிவு மூன்றையும் கையெழுத்தோடு அறிக்கையாக வாங்குங்கள். பழுது பார்த்த பிறகு சாட்சி இருக்காது.

அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது, அறிக்கை வாங்கிய பின், வரும் ஆவணிக்குள் ஓட்டை இறக்கி முத்திரைவாரியாக அடுக்குவது, முக்கோணச் சுவரை மூன்று அடி உயர்த்துவது, விட்டுப்போன 14 மரத்தையும் 4-க்கு 3 அளவில் சேர்ப்பது. இருக்கிற 12 அடி மரம் புதுச் சரிவில் சுவரைத் தாண்டி அரை அடிக்கும் குறைவாகத்தான் நீளும். அதனால் இறவாரத்துக்குத் தனி நீட்டுக்கட்டை, சுவருக்கு உள்ளே மூன்று அடியாவது கைமரத்தோடு பக்கவாட்டில் சேர்த்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால் காற்றில் தூக்கிவிடும்.