பல்லுக்கு வெள்ளி கேப்: முரட்டு நகைப் பட்டறையில் இரண்டு நாள்

பல்லுக்கு கேப் செய்வதுதான் என் தொழில். 22 வருடமாக ஒரு பல் லேபில் உட்கார்ந்து மெழுகு செதுக்கி, வார்த்து, தேய்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் செய்த பல்லால் யார் யாரோ மென்று தின்கிறார்கள். ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. சமீப வருடங்களில் அந்த வேலையிலும் பாதியை மெஷின் வாங்கிக்கொண்டது. ஸ்கேனர் அளவெடுக்கிறது, இன்னொரு பெட்டி ஜிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கான் கட்டியைக் குடைந்து பல்லாக வெளியே தள்ளுகிறது. என் மெழுகுக் கத்தி மேஜையோரம் காய்ந்துகொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் இந்தப் பட்டறை அறிவிப்பைப் பார்த்தேன். விலங்குகளின் பல், நகம், அப்புறம் கல், இவற்றை வைத்து முரட்டு வெள்ளி நகை செய்யும் இரண்டு நாள் பயிற்சி. பல்லும் வார்ப்பும் என்றால் நம் ஆட்டம்தானே என்று பணம் கட்டிவிட்டேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எட்டுப் பேர், வெள்ளியைப் பற்றவைக்க இரண்டே இரண்டு தீக்குழாய். கணக்கு இங்கேயே இடிக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 20 கிராம் 925 வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, மோதிரமாகப் போட்டால் ஒரு மாதத்தில் கோணிவிடும், அதற்காகத்தான் செம்பு. கல்லைச் சுற்றி வளைக்க மட்டும் சுத்த வெள்ளியில் மெல்லிய பட்டை ஒன்று தனியாகத் தந்தார்கள். அங்கே அந்த மெத்துதான் வேண்டும், நகத்தால் அழுத்தினாலே படிகிறது.

அப்புறம் பெட்டிகள் வந்தன. ஒன்றில் கற்கள், ஒன்றில் பற்கள், ஒன்றில் நகங்கள்.

நகப் பெட்டியில் 'கரடி' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். உள்வளைவில் மேலிருந்து கீழாக மயிரிழை மாதிரி ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம். பக்கத்தில் குண்டூசித் தலையில் பாதிகூட இல்லாத ஒரு காற்றுக் குமிழ். தினம் பல் செட்டுக்கு அக்ரிலிக் கலக்குகிற கைக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மாஸ்டரிடம் காட்டினேன். "வித்தவன் சொன்னதைத்தாம்மா எழுதி வச்சிருக்கேன்" என்றார். பிளாஸ்டிக் பிசினில் வார்த்த நகம் என்றால் பிசின் நகம் என்றே எழுதிவிடலாமே, அதில் என்ன குறைச்சல்? உண்மையான கரடி நகமாக இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1975-லிருந்து அமலில் இருக்கும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் எல்லாக் கரடி இனங்களும் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கின்றன. தாள் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. புலி இன்னும் கடுமை, வணிகத்துக்காக நாடு விட்டு நாடு போகவே கூடாது. 'புலிநகம்' என்று ரகசியமாக விற்கப்படுவதில் நிறைய மாட்டுக் கொம்பைச் செதுக்கியது. சூடான ஊசியால் குத்திப் பார் என்பார்கள். பிசினைக் கண்டுபிடிக்க அது உதவும். கொம்பும் நகமும் முடியில் இருக்கும் அதே கெரட்டின் புரதம்தான், இரண்டுமே முடி கருகிய வாடைதான் அடிக்கும். ஆகவே ஊசியை நம்பிப் பெருமைப்பட வேண்டாம்.

நான் பல் பெட்டிக்கே போனேன். எடுத்தது ஒரு சுறாப்பல் புதைபடிவம், ஒட்டோடஸ் ஒப்ளிகுவஸ் என்கிற இனம். மொரோக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியிலிருந்து வண்டி வண்டியாக வருவது. ஒரு சுறா ஆயுளில் ஆயிரக்கணக்கான பல்லை உதிர்த்து மறுபடி முளைக்க வைக்கும். எங்கள் தொழிலுக்கு அதைவிட மோசமான வாடிக்கையாளர் இல்லை. அந்தக் கொழிப்பினால்தான் ஐந்து கோடி வருடப் பழசு ஒன்று கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. இதிலும் தில்லுமுல்லு உண்டு. ஒரு பல்லின் வேரையும் இன்னொன்றின் முனையையும் ஒட்டி, சந்தில் மணலும் பசையும் பூசிவிடுவார்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் சின்ன ஊதா டார்ச் என் பையில் எப்போதும் கிடக்கும். அடித்துப் பார்த்தேன். முதல் பல்லில் பசைக்கோடு நீலமாக மின்னியது. மூன்றாவதில் எதுவும் மின்னவில்லை. அதை வைத்துக்கொண்டேன்.

இனி வேலை. மாஸ்டர் காலையிலேயே கரும்பலகையில் ஒரே வரி எழுதிவிட்டார்: "நெருப்பு முதல்ல, பல் கடைசில." இரண்டு நாளும் அதை அழிக்கவில்லை. வெள்ளியில் என்ன பற்றவைக்க வேண்டுமோ, அமிலத் தொட்டியில் எதைப் போட்டு எடுக்க வேண்டுமோ, எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் பல்லோ நகமோ கல்லோ உள்ளே போக வேண்டும். நகம் தீயில் சுருளும். பல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அமிலம் தின்றுவிடும். கோலாவால் பல்லுக்கு என்ன ஆகிறதோ அதே கதை, வேகம் மட்டும் அதிகம்.

சுறாப்பல்லின் வேர் இரண்டு கால் விரித்து நிற்கும். அதன் மேல் உட்காரும் வெள்ளித் தொப்பிதான் நான் செய்ய நினைத்தது. மற்றவர்கள் பட்டையை வளைத்துப் பற்றவைக்க, நான் என் மெழுகைக் கொண்டுபோயிருந்தேன். விரிந்த கால்களுக்கு அடியில் மெழுகு மாட்டிக்கொள்ளும் என்று தெரியும், அந்தக் குழிவுகளைக் களிமண்ணால் அடைத்துவிட்டு மேலே மெழுகு ஏற்றினேன். 20 நிமிடத்தில் தொப்பி தயார். மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை பழகின கை" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. மெழுகைச் சுற்றி அச்சு மாவைக் கரைத்து ஊற்றி, சூளையில் மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையை 1907-ல் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்கர்ட் என்ற பல் மருத்துவர். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வருடம் சிலை வார்த்தவர்களுக்கு அது கைவந்ததுதான். இந்த வரலாற்றையெல்லாம் பக்கத்து மேஜைத் தம்பிக்கு நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை வார்த்து எடுத்தால் தொப்பி பல்லில் ஏறவில்லை.

உலோகம் ஆறும்போது சுருங்கும். லேபில் நாங்கள் அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக விரியும் அச்சு மாவைத் திரவ அளவு பார்த்துக் கலப்போம். இங்கே நகை மாவு, ஜிப்சம் வகை, நான் பழகிய அளவுக்கு விரியாது. எனக்குத் தெரிந்த பாடம்தான். மெழுகின் உள்பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும், விடவில்லை. 22 வருட அனுபவம் அங்கே பல்லிளித்தது. அரை மணி நேரம் உள்சுவரைக் குடைந்து குடைந்து ஏற்றினேன். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பையன்.

இரண்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது கணவாய் மீனின் ஓட்டை அச்சாக்கி வார்ப்பது. ஓட்டை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்க வேண்டும். கையெல்லாம் வெள்ளை மாவு. மோதிர மாதிரியை நடுவில் வைத்து அழுத்தினால் சாக்பீஸில் விரல் புதைவதுபோலப் புதைகிறது. வெள்ளி இறங்க ஒரு வழி, காற்று வெளியேற நாலைந்து கீறல். இரண்டு பாதியையும் கம்பியால் கட்டி நிறுத்தி, மூசையில் உருகிய வெள்ளியை ஊற்ற வேண்டும். வெங்காரம் தூவிய வெள்ளி உருகி, மேல்தோல் விலகி, கண்ணாடி மாதிரி சுழன்று ஆடும் ஒரு கணம் இருக்கிறது. அதில்தான் சாய்க்க வேண்டும். நாங்கள் லேபில் உருக்கும் கோபால்ட் குரோமியம் 1300 டிகிரிக்கு மேல் கேட்கும். 925 வெள்ளி 900-க்குள்ளேயே வழிந்துவிடுகிறது, சாதுவான உலோகம். ஊற்றியதும் ஓடு கருகி, மீன் காயும் கடற்கரையில் யாரோ முடியைக் கொளுத்தின மாதிரி ஒரு நாற்றம். திறந்தால் மோதிரத்தின் மேல் வரி வரியாக அலை. கணவாய் தன் உடம்பில் அடுக்கு அடுக்காக வளர்த்துவைத்த கோடுகள் அப்படியே வெள்ளியில் இருக்கின்றன. எந்த உளியாலும் இதைச் செதுக்க முடியாது.

பழக்க தோஷம், உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். மாஸ்டர் வந்து தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வெளியே பாறை மாதிரி இருக்கட்டும்மா. தோல் படுற பக்கம் மட்டும் தேய்ங்க. அங்க ஒரு பிசிறு இருக்கக் கூடாது." என் வேலையில் ஒரு கோடு தெரிந்தாலே பல் திரும்பி வந்துவிடும். சும்மா விடுவது எனக்கு மெழுகு செதுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முரட்டு நகை என்ற பெயரில் விற்கப்படும் பலதும் உள்ளேயும் முரடாகத்தான் இருக்கும், போட்டால் விரலைப் பிராண்டும். இங்கே அதைச் சொல்லித் தருகிறார்கள், அதற்காகவே போகலாம். அகலமான மோதிரம் என்றால் வழக்கமான அளவைவிட அரை அளவு கூட வைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

கல் பகுதியைத் தள்ளிவிட்டார்கள் என்றே சொல்வேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரே மணி நேரம். அகேட், டர்க்காய்ஸ், மலக்கைட் என்று மூன்று வைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் போதுமா? அகேட் கெட்டி, கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டி வரும், தினம் போடலாம். டர்க்காய்ஸ் 5, 6-தான், எண்ணெயும் வியர்வையும் குடித்து நிறம் மாறும். மலக்கைட்டை அமிலம் அரிக்கும். இதை யாரும் சொல்லவில்லை. நான் அகேட் எடுத்தேன்.

அப்போதுதான் அந்தத் தம்பியின் நகம். பதக்கத்தில் 'கரடி' நகத்தைப் பொருத்தி ஒட்டி முடித்துவிட்டான். கடைசியில் பார்த்தால் மேல் வளையம் பாதிதான் பிடித்திருக்கிறது. தீக்குழாய் வரிசை நீளம், மாஸ்டர் இன்னொருவர் மேஜையில். ஒரு துளி பற்றவைக்கும் பொடி வைத்து, நகத்தை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, இரண்டு விநாடிதானே என்று தீயைக் காட்டிவிட்டான். வெள்ளி மாதிரி வேகமாகச் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. நகம் நுனியிலிருந்து தளர்ந்து தலை குனிந்தது. அறை முழுக்க வந்தது முடி கருகிய வாடை இல்லை, எனக்கு நன்றாகப் பழகிய அக்ரிலிக் வாடை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் கரும்பலகையையும் பெட்டியையும் ஒரு தடவை பார்த்தார். தம்பிக்கு வேறு பல் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பெட்டியிலிருந்த சீட்டு அன்று மாலையும் அப்படியேதான் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை தூசி. வேரில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு வெள்ளிக் கம்பியைக் குறுக்கே செருகி, இரண்டு முனையையும் தட்டி மொட்டாக்குவது முறை. பசை மட்டும் இருந்தால் ஒருநாள் விட்டுவிடும். நல்ல முறைதான். ஆனால் எல்லோரும் காய்ந்த பல்லைத் துளைத்தார்கள், முகக்கவசம் இல்லாமல்! எலும்புத் தூளும் கல் தூளும் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. நான் என் முகக்கவசத்தோடு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத்தான் துளைத்தேன். கறுப்பேற்றும் கந்தகக் கரைசலையும் ஜன்னல் திறக்காத அறையில் வைத்துவிட்டார்கள், அழுகிய முட்டை நாற்றம். ஆனால் அந்தக் கரைசலில் வெள்ளி முதலில் தங்கமாகி, பழுப்பாகி, நீலம் காட்டி, கறுப்பில் போய் நிற்பதை நாற்றத்தை மறந்துவிட்டுத்தான் பார்த்தேன். மேட்டை மட்டும் பியூமிஸ் தூளால் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும்.

நாலு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தொப்பி அசையவில்லை. மோதிரத்தின் மேடுகள் கொஞ்சம் வெளுத்திருக்கின்றன, அழகாகவே இருக்கிறது. பல்லின் முனை மட்டும் துப்பட்டா நூலை இழுக்கிறது, அதற்கு மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. குளிக்கும்போது கழற்றிவிடுகிறேன். குரோவேஷியாவின் கிராபினா குகையில் நியாண்டர்தால்கள் கழுகு நகத்தை நகையாகக் கோத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், 1,30,000 வருடம் முன்பு. அவர்களுக்கு எபாக்ஸிப் பசை இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முகக்கவசத்தை நீங்களே கொண்டுபோங்கள், நகப் பெட்டி பக்கம் போகாதீர்கள், முதல் நாளே தீக்குழாய்க்குப் பக்கத்து மேஜையைப் பிடித்துவிடுங்கள்.

லேபில் ஸ்கேனர் பார்க்கும் பையன் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒருதடவை ஸ்கேன் போட்டுப் பார்க்கட்டுமா அக்கா என்று வாங்கிக்கொண்டு போனான். கறுப்பும் பளபளப்பும் சேர்ந்து வந்ததில் திரையில் ஓட்டை ஓட்டையாகத்தான் விழுந்தது. "மேல வெள்ளைப் பவுடர் அடிச்சாத்தான் பிடிக்கும்கா" என்றான். வேண்டாம் கொடு என்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.