புள்ளிக் குதிரை வளர்க்க நான் நாடிய பண்ணை

தடைதாண்டும் போட்டிகளுக்கு ஏற்ற புள்ளிக் குதிரைகளை வளர்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையுடன், என் பெண் குதிரையை இணைசேர்ப்பதற்காகத் தாமிரபரணிக் கரையோரம் உள்ள ஒரு பண்ணைக்குக் கொண்டு சென்றேன். அங்குள்ள பொலிக்குதிரையின் குளம்புகளில் மேலிருந்து கீழாகக் கருப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடுகின்றன. மூக்கைச் சுற்றிய தோலிலும் புள்ளிகள் உள்ளன. விழியின் வெண்பகுதி மனிதக் கண்ணைப் போலத் தெளிவாகத் தெரிகிறது. உடலில் புள்ளி குறைந்த குதிரையிலும் இந்த மூன்று அடையாளங்களைப் பார்க்க வேண்டும் என்று பராமரிப்பாளர் பொறுமையாக விளக்கினார். லாயம் சுத்தமாக இருக்கிறது. கொள்ளை ஊறவைத்தே கொடுக்கிறார்கள்.

என் மனக்குறை, மரபணுப் பரிசோதனை பற்றி அவர்களாக எதுவும் சொல்லாததுதான். டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப், அமெரிக்காவின் அப்பலூசா ஆகிய இனங்களில் புள்ளிக்குக் காரணமான மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குட்டிக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். என் குதிரைக்கும் புள்ளி உண்டு என்பதால், இதை நானே கேட்டிருக்காவிட்டால் 11 மாதச் சினைக்குப் பிறகு இருட்டில் தடுமாறும் குட்டி பிறந்திருக்கக்கூடும்.

சினைப் பரிசோதனைக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதியினருக்கு வசதி. புள்ளியுள்ள குதிரையை வைத்திருப்பவர்கள், இரண்டு குதிரைகளின் முடிமாதிரியில் செய்த மரபணுப் பரிசோதனை அறிக்கைகளையும் பார்த்த பிறகே இந்தப் பண்ணையில் பணம் கட்டுங்கள்.