ஸாமல் பிஹேவியர்ஸ்: ஒரு பட்டனுக்குச் சரி, ஐம்பது கட்டத்துக்கு?

விண்டோஸ் செயலிகளின் திரைகளை எழுத உதவும் டபிள்யூபிஎஃப்-இல், மவுஸ் கிளிக்கை வியூமாடலுக்கு (திரைக்குப் பின்னால் தரவையும் கட்டளைகளையும் வைத்திருக்கும் வகுப்பு) கொண்டுபோக மவுஸ்பைண்டிங் கூடவே வருகிறது. கிளிக், டபுள் கிளிக் வரை அதுவே போதும். மவுஸ்மூவ், மவுஸ்என்டர் என்றால் கையை விரித்துவிடும். அங்கேதான், திரையை விவரிக்கும் ஸாமல் மொழியிலேயே ஈவென்ட்டைக் கட்டளையோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் ஸாமல் பிஹேவியர்ஸ் நூலகம் கைகொடுக்கிறது. .நெட் நூலகங்கள் கிடைக்கும் நியூகெட்டில் இலவசம், எம்ஐடி உரிமம். மைக்ரோசாஃப்டின் திரை வடிவமைப்புக் கருவியான பழைய பிளெண்டோடு வந்த இன்டராக்டிவிட்டி டிஎல்எல்லின் வாரிசு.

ஈவென்ட்டிரிகரில் ஈவென்ட்டின் பெயர், அதற்குள் இன்வோக்கமாண்ட்ஆக்‌ஷன், அதில் கமாண்ட் பைண்டிங். மூன்றே வரி. மவுஸ் இருக்கும் இடமும் வேண்டுமென்றால் பாஸ்ஈவென்ட்ஆர்க்ஸ்டுகமாண்டை ட்ரூ ஆக்கலாம். ஆனால் அப்போது திரைக்குரிய மவுஸ்ஈவென்ட்ஆர்க்ஸ் வியூமாடலுக்குள் நுழைந்துவிடும். நடுவில் ஒரு கன்வெர்ட்டரை வைத்து, வெறும் பாயின்ட்டாக மாற்றி அனுப்புவதே சுத்தம்.

பலரும் தடுமாறுவது பட்டனில். மவுஸ்லெஃப்ட்பட்டன்டவுனை பட்டனே ஹேண்டில்ட் (கையாண்டாயிற்று) என்று குறித்துவிடுவதால் டிரிகர் வேலை செய்யாது. பெயருக்கு முன் பிரிவியூ சேர்க்க வேண்டும். அடுத்தது, திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட். பேக்கிரவுண்ட் கொடுக்காத கிரிட்டின் காலி இடத்தில் கிளிக் பதிவாகாது, டிரான்ஸ்பரன்ட் என்றாவது கொடுத்தாக வேண்டும். உதாரணமாக, ஒவ்வோர் உணவுக்கும் தொடுவதற்கு ஒரு கட்டம் உள்ள உணவங்காடிக் கடையின் நான்கு மொழி மெனுவில் இது நன்றாகவே ஏமாற்றும்: நீளமான தமிழ்ப் பெயர் கட்டத்தை நிரப்புவதால் சோதனையில் தேறிவிடும், சீனத்தில் இரண்டே எழுத்து, சுற்றிலும் வெற்றிடம், அங்கே தொட்டால் அசையாது.

பெரிய குறை இனிமேல்தான். இந்த டிரிகர்களை ஸ்டைலுக்குள் (பல உறுப்புகளுக்கும் பொதுவான அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதும் பகுதி) செட்டராக வைக்க முடியாது. ஒரே மாதிரியான ஐம்பது கட்டம் வெவ்வேறு பக்கங்களில் இருந்தால், அந்த மூன்று வரியை ஐம்பது முறை ஒட்ட வேண்டியதுதான். அதற்கு ரெஜிஸ்டர்அட்டாச்ட் போட்டு சொந்தமாக ஓர் அட்டாச்ட் பிராப்பர்ட்டி (எந்த உறுப்பின் மீதும் ஒட்டக்கூடிய பண்பு) எழுதுவதே மேல். மதிப்பு மாறும்போது பழைய ஹேண்ட்லரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். கழற்ற மறந்தால் ஒரே தொடுகைக்கு இரண்டு கோப்பி ஆர்டராகும். ஆட்ஹேண்ட்லரின் மூன்றாவது ஆர்கியுமென்ட்டை ட்ரூ ஆக்கினால் ஹேண்டில்ட் ஆன ஈவென்ட்டும் வந்துசேரும். பிறகு ஸ்டைலில் ஒரே செட்டர் போதும்.

தொடுதிரை என்றால் இன்னொன்று: விரலை எடுக்கும்வரை மவுஸ்டவுன் தாமதமாகும், ரைட் கிளிக்குக்காகக் காத்திருப்பதால். ஸ்டைலஸ் பிரஸ்அண்ட்ஹோல்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிஹேவியர்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் இது தேவை.